பத்தியமும் பட்சணமும்

இந்நாளில் பட்டணத்து வீடு எதற்குள் நுழைந்தாலும் இரண்டு பொருள்கள் தவறாமல் நம் கண்ணில் படுகின்றன. ஒன்று, கூடத்து மூலையில் கிடக்கும் எடை பார்க்கும் யந்திரம். மற்றொன்று, சமையலறை அலமாரியின் மேல்தட்டில் வீற்றிருக்கும் பட்சண டப்பா. குழந்தைகளுக்கு எட்டக் கூடாதென்று அதை அங்கே வைத்திருப்பதாக நாம் நினைத்தால் ஏமாந்து போவோம். குழந்தைகளின் தகப்பனாருக்கு எட்டக் கூடாது என்பதற்காகவே அது மேலே ஏறியிருக்கிறது. யந்திரத்துக்கும் டப்பாவுக்கும் நித்திய யுத்தம் நடக்கிறது. காலை வேளையில் யந்திரம் ஜயிக்கிறது. இரவு பத்து மணிக்கு மேல், விளக்கையெல்லாம் அணைத்த பிறகு, டப்பா ஜயிக்கிறது.

இது சிரிப்பதற்குரிய விஷயந்தான். ஆனால் சிரித்துவிட்டுப் போய்விடக் கூடிய விஷயம் அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் தேசம் முழுவதும் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2023-ம் வருஷத்தில் வெளிவந்தது. வயது வந்தவர்களில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10 கோடிப் பேர். அந்த நோயின் வாசற்படியில் நிற்பவர்கள் 13 கோடிக்கும் அதிகம். வயிறு பருத்தவர்களோ நூற்றுக்கு ஏறக்குறைய நாற்பது பேர். நம்மவர்களுக்குக் கையும் காலும் ஒல்லியாக இருக்கும்போதே வயிறு மட்டும் முன்னால் கிளம்பிவிடுகிறது. ஆகையால் நிறுத்துப் பார்ப்பதோடு அளந்தும் பார்க்க வேண்டும். தையற்காரரின் நாடாவைக் கொண்டு இடுப்பை அளந்தால், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை என்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். அதற்கு மேற்பட்டால் கவனிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

நல்ல சமாசாரமும் உண்டு. நோயின் வாசற்படியில் நிற்கிறவர்கள் உள்ளே போகாமல் திரும்பிவிடலாம் என்பது சோதனை செய்து கண்ட உண்மை. அமெரிக்காவில் நடந்த பெரிய பரீட்சை ஒன்றின் முடிவு 2002-ல் வெளியாயிற்று. உடல் எடையில் நூற்றுக்கு 7 பங்கைக் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிஷம் நடப்பது, இவ்விரண்டையும் லக்ஷ்யமாக வைத்துக்கொண்டவர்களில் நீரிழிவு புதிதாக வருவது நூற்றுக்கு 58 பங்கு குறைந்தது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நம்மவர்களிடையே நடத்திய பரீட்சையின் முடிவு 2006-ல் வந்தது. உணவையும் உடலுழைப்பையும் சீர்செய்து கொண்டவர்களுக்கு அபாயம் நூற்றுக்கு 28 பங்குக்கு மேல் குறைந்திருந்தது. நூற்றுக்கு 7 பங்கு என்றால், எண்பது கிலோ உள்ள மனிதர் ஐந்தரைக் கிலோ இளைக்க வேண்டும், அவ்வளவுதான். யாரும் துரும்பாக வேண்டியதில்லை. சந்நியாசம் வாங்கிக்கொள்ள வேண்டியதும் இல்லை.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? நேரே சந்நியாசத்துக்குத்தான் புறப்படுகிறோம்.

நமது பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் உபாத்தியாயர் ஒருவர் இருக்கிறார். வயது நாற்பத்தேழு. அவருடைய தந்தையார் நீரிழிவினால் ஒரு காலை இழந்தவர். கடைசி ஆறு வருஷமும் அவரை நாற்காலியோடு வாசலுக்குத் தூக்கி வந்து உட்கார வைத்தது இந்தப் பிள்ளைதான். ஆகையால், "இரத்தத்தில் சர்க்கரை எல்லைக் கோட்டைத் தொட்டுவிட்டது, எடையைக் குறையுங்கள்" என்று வைத்தியர் சொன்னதும் மனிதர் நடுங்கிப் போனார். அன்று மாலையே வீட்டாரையெல்லாம் கூப்பிட்டு, இனிப்பையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் ஆயுள் உள்ள வரையில் கையால் தொடுவதில்லை என்று பிரதிக்ஞை செய்தார். பீஷ்மப் பிரதிக்ஞை பத்தொன்பது நாள் நிலைத்தது. இருபதாவது நாள் மைத்துனர் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். யாரோ பரிமாறிக்கொண்டே போகையில் இவருடைய இலையிலும் ஒரு ஜாங்கிரி விழுந்தது. அதைத் தின்றார். விரதந்தான் பங்கமாகிவிட்டதே என்று இரண்டாவதும் தின்றார். மூன்றாவதும் வந்தது. மறுநாள் முதல் பள்ளிக்கூடத்துச் சிற்றுண்டிச்சாலையில் அவரைத் தினந்தோறும் பஜ்ஜித் தட்டோடு பார்த்தோம். "தை பிறக்கட்டும், புதிதாக ஆரம்பிக்கலாம்" என்றார். அப்போது ஆவணி மாதம்.

ஒரு ஜாங்கிரி யாரையும் குடி கெடுத்ததில்லை. அதற்குப் பிறகு வந்த நாலு மாதந்தான் கெடுத்தது. "முழுக்க நனைந்த பின் முக்காடு எதற்கு?" என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டல்லவா? அந்தப் பழமொழியையே அமெரிக்க மனோதத்துவ சாஸ்திரிகள் 1975-ல் பரீட்சை செய்து காட்டினார்கள். கல்லூரி மாணவிகள் சிலருக்கு முதலில் பாலும் ஐஸ்கிரீமும் கலந்த பானத்தைக் கொடுத்தார்கள். பிறகு, ருசி பார்த்துச் சொல்லும்படி ஐஸ்கிரீம் கிண்ணங்களை எதிரே வைத்தார்கள். உணவு விஷயத்தில் கட்டுப்பாடு ஏதும் வைத்துக்கொள்ளாதவர்கள், முன்பே பானம் குடித்திருந்தபடியால், ஐஸ்கிரீமைக் குறைவாகவே சாப்பிட்டார்கள். சதா உடம்பை இளைக்க வைக்கும் கவலையில் இருந்தவர்களோ, அதே கவலையுடன் பானம் குடிக்காமல் வந்தவர்களைக் காட்டிலும் அதிகமாகச் சாப்பிட்டார்கள். கட்டு உடைந்தது, பிறகு கரை ஏது?

பட்டினி போடுவது மனத்தை என்ன செய்யும் என்பதற்கு இன்னொரு சாட்சியும் இருக்கிறது. இரண்டாவது மகாயுத்தத்தின் இறுதியில், 1944-45-ல், அமெரிக்காவின் மின்னசோட்டா சர்வகலாசாலையில் ஆன்ஸெல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை, அவர்கள் சம்மதத்தின் பேரில், 24 வாரம் அரை வயிற்று உணவில் வைத்தார். எடையில் ஏறக்குறைய கால் பங்கு போய்விட்டது. அதைவிட ஆச்சரியம், அவர்களுடைய சிந்தனை முழுவதும் சாப்பாட்டில் போய் விழுந்ததுதான். சமையல் புத்தகங்களைத் தேடிப் பிடித்துக் கதைப் புத்தகம் போல வாசித்தார்கள். பரீட்சை முடிந்து உணவு தாராளமாகக் கிடைத்தபோது, சிலர் சாப்பிட்டுச் சாப்பிட்டும் திருப்தி அடையவில்லை. நாம் வீட்டில் செய்யும் பத்தியம் அவ்வளவு கடுமையானதல்ல என்பது உண்மையே. ஆனாலும் இரவு பத்து மணிக்கு மேல் அலமாரியின் முன் நிற்கும் மனிதருக்கு அந்த இளைஞர்களின் நிலைமை ஓரளவு விளங்கும்.

நம்முடைய முன்னோர்கள் கலோரி என்ற சொல்லைக் கேட்டதில்லை. ஆயினும் பட்சணத்தை அவர்கள் ஒழிக்கவும் இல்லை; ஊர் சுற்ற விடவும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாளைக் குறித்துக் கொடுத்தார்கள். பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை, கோகுலாஷ்டமிக்குச் சீடை, நவராத்திரிக்குச் சுண்டல், கார்த்திகைக்குப் பொரி உருண்டை, தை முதல் நாள் சர்க்கரைப் பொங்கல். கிறிஸ்தவர் வீட்டில் கல்கல்லும் அச்சு முறுக்கும் கிறிஸ்மஸுக்குத்தான் வரும். ஆடி மாதத்தில் யாராவது சீடை கேட்டால், "இப்போது ஏது சீடை?" என்ற பதிலே கிடைக்கும். அந்தப் பதிலில் கோபமும் இல்லை; பத்தியமும் இல்லை. காத்திருந்து தின்றபடியால் அதன் ருசியே தனியாக இருந்தது. விசேஷம் முடிந்து நாலாம் நாள் டப்பா காலியாகிவிடும். மறு வருஷம் வரையில் அதைப் பற்றிப் பேச்சு இல்லை.

இதற்காகப் பழைய காலத்தை ஒரேயடியாகப் புகழ்ந்துவிட வேண்டாம். ஏகாதசியன்று அரிசிச் சோறு கூடாதென்று சொல்லிவிட்டு, அடையும், வெண்ணெயும், கேசரியும், போதாததற்கு வாழைப்பழமுமாக "பலகாரம்" பண்ணிய விரதக்காரர்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களுடைய துவாதசியைக் காட்டிலும் ஏகாதசியே கனமாக இருந்தது.

இப்பொழுது நாள் கணக்கு அழிந்துவிட்டது. தெருக் கோடியில் உள்ள மிட்டாய்க் கடையில் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் தீபாவளி. கைப்பேசியைத் தட்டினால் அரை மணியில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் மணப்பாறை முறுக்கும் வாசலுக்கு வந்து நிற்கின்றன. பஞ்சாங்கம் செய்து வந்த வேலையை இனி நாமே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

கணக்கு உபாத்தியாயர் வீட்டில் இந்த வேலையை மேற்கொண்டவர் அவருடைய மனைவியார். தை பிறந்ததும் அவர் மற்றொரு பிரதிக்ஞைக்கு ஆயத்தமானபோது, அந்த அம்மாள் தடுத்துவிட்டு, "எதை விட்டால் உங்களுக்கு அழுகை வரும்? அதை மட்டும் சொல்லுங்கள்" என்று கேட்டாராம். உபாத்தியாயர் வெகு நேரம் யோசித்தார். அவருக்குப் பதிலில் இரண்டே சாமான்கள்தாம் கிடைத்தன: ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மைசூர்பாகு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெதுவடை. "நல்லது, இவை இரண்டும் இருக்கட்டும். மற்றவற்றைப் பார்ப்போம்" என்று அம்மாள் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். ஒரு வாரம், வாய்க்குள் போனதையெல்லாம் அதில் எழுதினார்கள். எழுதி முடித்தபோது கணக்கு உபாத்தியாயருக்கே கணக்கு ஆச்சரியத்தைக் கொடுத்தது.

நேயர்களும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சர்க்கரையிலும் மாவிலும் கிராம் ஒன்றுக்குச் சுமார் 4 கலோரி. நெய், எண்ணெய் எதுவானாலும் கிராமுக்கு 9. மைசூர்பாகுக்குக் கடலை மாவு ஒரு பங்கு, சர்க்கரை இரண்டு பங்கு, நெய் இரண்டு பங்கு என்று நிறுத்துப் போட்டால், 30 கிராம் உள்ள ஒரு துண்டுக்கு ஏறக்குறைய 180 கலோரி ஆகும். பயங்கரமான எண்தான். இனி, காப்பிக்கு வருவோம். நாள் ஒன்றுக்கு நாலு டம்ளர். டம்ளருக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை. தேக்கரண்டி 5 கிராம் என்றால், ஒரு நாளைக்கு 40 கிராம். அதாவது 160 கலோரி. ஒரு வாரத்துக்கு 1,120. காப்பியில் கரைந்து, பேர் தெரியாமல், ருசிகூடச் சரியாகத் தெரியாமல், வாரத்துக்கு ஆறு மைசூர்பாகு உள்ளே போய்க்கொண்டிருந்தது! வாரத்துக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமையன்று, எல்லாரும் பார்க்க வாழை இலையில் வந்து உட்கார்ந்த மைசூர்பாகுதான் இத்தனை நாளும் குற்றவாளிக் கூண்டில் நின்றது. நாள் ஒன்றுக்குச் சர்க்கரை 50 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் அடங்கினால் மேலும் நல்லது என்பது உலக சுகாதார ஸ்தாபனம் 2015-ல் சொன்ன அளவு. பெரும் பகுதியைக் காப்பியே வாங்கிக்கொண்டால் மற்றதற்கு இடம் ஏது?

காப்பியோடு நிற்கவில்லை. ஆசிரியர்கள் கூட்டத்தில் தட்டில் வைத்த பிஸ்கோத்து. தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்து, முடிந்ததுகூடத் தெரியாமல் முடிந்த காராசேவுப் பொட்டலம். கடைக்காரர் மாதிரிக்கென்று கையில் வைத்த அல்வா. இவற்றில் ஒன்றையாவது உபாத்தியாயர் ஆசைப்பட்டுத் தின்றாரா என்றால் இல்லை. எதிரே இருந்தது, தின்றார். வெட்ட வேண்டிய இடம் இதுவே என்பது நம் அபிப்பிராயம். பிரியமானதை வெட்டினால் மனம் கலகம் செய்கிறது. பழக்கத்தினால் தின்பதை வெட்டினால் பத்து நாள் முணுமுணுக்கிறது, பிறகு மறந்துவிடுகிறது. காப்பியில் சர்க்கரையை வாரம் அரைக் கரண்டியாகக் குறைத்து, ஒரு மாதத்தில் அரைக் கரண்டிக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது யாராவது பழைய அளவில் கலந்து கொடுத்தால் அவருக்குக் குடிக்க முடியவில்லையாம். எட்டு மாதத்தில் 84 கிலோ 79 ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை மைசூர்பாகு ஒரு வாரமும் தவறவில்லை.

இந்த நோட்டுப் புத்தகத்தில் இன்னொரு விஷயமும் வெளிப்பட்டது. அதை எழுதாமல் விட நமக்கு மனமில்லை. அம்மாளும் தம்முடைய சாப்பாட்டை ஒரு பக்கத்தில் குறித்து வந்தார். பையன் பாதியில் வைத்த தோசை, மத்தியானம் மிஞ்சிய ஒரு பிடி சோறு, அடிப்பாத்திரத்துப் பாயசம் என்று அந்தப் பக்கம் முழுவதும் மிச்சங்களாகவே இருந்தது. தமக்கென்று இலை போட்டுக்கொண்டு சாப்பிட்ட வடை ஒன்றுகூட அதில் இல்லை. வீணாகக் கூடாது என்று வீட்டுப் பெண்கள் உண்பதையெல்லாம் யாரும் உணவாகவே கணக்கில் சேர்ப்பதில்லை. உடம்பு மட்டும் சேர்த்துக்கொள்கிறது. எஜமானருக்குப் பத்தியம் சமைப்பதற்கு முன்னால், சமைக்கிறவர் எதை, எப்போது, உட்கார்ந்தா நின்றுகொண்டா சாப்பிடுகிறார் என்று வீட்டார் விசாரிப்பது நலம். இப்போது அந்த வீட்டில் வெள்ளிக்கிழமை வடை இரண்டு தட்டில் வருகிறது. தோசைக் கல்லில் பையனுக்கு ஒன்று குறைத்து வார்க்கிறார்கள். வேண்டுமானால் அவன் கேட்டு வாங்கிக்கொள்கிறான்.

உண்ணும் முறையிலும் சில விஷயங்கள் கவனிக்கத்தக்கவை. பட்சணத்தைப் பசி வேளையில் தனியாகத் தின்பதைக் காட்டிலும், காயும் பருப்புமாகச் சாப்பிட்ட பிறகு கடைசியில் தின்பது நல்லது. அளவும் குறையும், இரத்தத்தில் சர்க்கரையும் சட்டென்று ஏறாது. டப்பாவிலிருந்து எடுத்துத் தின்னக் கூடாது. தட்டில் வைத்துக்கொண்டு, டப்பாவை மூடிவிட்டு உட்கார வேண்டும். கடையில் அரைக் கிலோ வாங்குகிற வழக்கத்தை விட்டு 100 கிராம் கேட்டால், கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பார்க்கட்டும். மைசூர்பாகு உண்டு என்று தெரிந்த மத்தியானம் சோற்றில் ஒரு பெரிய கரண்டியைக் குறைத்துக்கொள்ளலாம். கிண்ணம் நிறையச் சோறும் ஒரு துண்டு மைசூர்பாகும் கலோரியில் ஏறக்குறைய சமம். சோற்றுக்குப் பதிலாகத் தினந்தோறும் மைசூர்பாகு என்று யாரும் இதற்கு அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம். நடந்தே கரைத்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்த ஒரு துண்டுக்கு முக்கால் மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். நடை அவசியந்தான், ஆனால் தின்றதற்குப் பிராயச்சித்தமாக நடப்பவர்கள் சீக்கிரத்தில் நடையை வெறுத்துவிடுகிறார்கள்.

வேஷம் போட்டு வரும் பட்சணங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். வெல்லம் போட்டது, தேன் விட்டது, கருப்பட்டியில் செய்தது என்று சொல்லி இரண்டு பங்கு தின்பவர்கள் பெருகிவிட்டார்கள். வெல்லத்துக்கு மணம் உண்டு, ருசி உண்டு. அதற்காகத் தின்றால் நியாயம். மற்றபடி அதில் பெரும் பகுதி சர்க்கரைதான்; கலோரியும் சர்க்கரையை ஒட்டியே நிற்கிறது. "சர்க்கரை இல்லாதது" என்று சீட்டு ஒட்டிய மிட்டாயில் நெய் இல்லை என்று யாரும் ஒட்டவில்லை. நமக்குப் பிரியமானது மைசூர்பாகாக இருக்கும்போது, அதன் சாயலில் செய்த வேறொன்றை இரண்டு மடங்கு தின்று, கடைசியில் திருப்தியும் இல்லாமல் எழுந்திருப்பது எந்தக் கணக்கிலும் லாபம் அல்ல. கொழுக்கட்டை, இடியாப்பம் போல ஆவியில் வெந்தவற்றை விரும்புகிறவர்கள் பாக்கியசாலிகள். அவர்களுக்கு எண்ணெய்க் கணக்கு மிச்சம்.

இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சிறுநீரக நோய் உள்ளவர்கள் ஆகியோர் இந்தக் கட்டுரையைக் காட்டி டப்பாவைத் திறக்கக் கூடாது. எவ்வளவு, எந்த வேளையில் என்பதை அவர்களுடைய வைத்தியரே சொல்லவேண்டும். பசியைக் குறைக்கும் புதிய ஊசி மருந்துகளும் இப்போது வந்திருக்கின்றன. அவையும் வைத்தியர் பார்த்துக் கொடுக்க வேண்டியவை.

லண்டன் நகரத்தில் வில்லியம் பாண்டிங் என்று ஒருவர் இருந்தார். சவ அடக்கச் சடங்குகளை நடத்திக் கொடுப்பது அவர் தொழில். பருமனால் அவதிப்பட்ட அவர், வைத்தியர் ஹார்வி சொன்னபடி நடந்து, 202 ராத்தலிலிருந்து 156 ராத்தலுக்கு இளைத்து, அந்த வரலாற்றை 1863-ல் சிறு புத்தகமாக வெளியிட்டார். அது எவ்வளவு பிரசித்தி பெற்றதென்றால், ஸ்வீடன் தேசத்துப் பாஷையில் உடம்பை இளைக்க வைப்பதற்கு இன்று வரையில் அவர் பெயரே வினைச்சொல்லாக வழங்குகிறது. சர்க்கரை, உருளைக்கிழங்கு, பால், வெண்ணெய், பீர் எல்லாவற்றையும் விலக்கிய வைத்தியர், அவருக்கு வழக்கமான திராட்ச ரசத்தில் சில வகைகளை மட்டும் விட்டு வைத்தார். மதுவை நாம் சிபாரிசு செய்யவில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்கிக்கொள்ளாத அந்த வைத்தியரின் சாமர்த்தியத்தையே சொல்லுகிறோம்.

ஆனால் பாண்டிங் நம் ஊரில் ஒரு தீபாவளி கழித்ததில்லை. இங்கே பட்சணத்தைத் தின்பதைவிட மறுப்பது கஷ்டம். "எங்கள் வீட்டில் கை நனைக்க மாட்டீர்களா?" என்று அத்தை கேட்டுவிட்டால் கலோரிக் கணக்கெல்லாம் பறந்து போகிறது. அவர் ஊட்டுவது சர்க்கரையை அல்ல, பிரியத்தை என்பது நமக்குத் தெரியும், தெரிந்திருப்பதனால்தான் சங்கடம். கணக்கு உபாத்தியாயர் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். முதல் துண்டைத் தயங்காமல் வாங்கி, உட்கார்ந்து, நிதானமாகத் தின்று, பாகு எந்தப் பதத்தில் இறக்கினார்கள் என்று விசாரிக்கிறார். அத்தைக்கு முகம் மலர்ந்துவிடுகிறது. இரண்டாவது வரும்போது, "இதைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுங்கள் அத்தை, ஞாயிற்றுக்கிழமைக்கு ஆகும்" என்கிறார். சென்ற தீபாவளிக்கு இப்படியே பதினொரு பொட்டலங்கள் சேர்ந்துவிட்டன. அவற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு, மற்றவற்றைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்து வந்தார். பத்தாம் வகுப்பில் நாற்பத்திரண்டு பிள்ளைகள். மணி அடிப்பதற்குள் காகிதம் மட்டுந்தான் மிஞ்சியது.